அட்டைக்கு எட்டுப் பேர்

எழுபதுகளில் அம்பத்தூருக்குப் புதுப்படம் நேராக வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மவுண்ட் ரோடு சாந்தியிலும் தேவியிலும் ஓடி முடித்து, புரசைவாக்கம், பெரம்பூர் என்று படிப்படியாக இறங்கி எங்கள் பக்கம் வந்து சேரும்போது பிரின்ட் முழுக்கக் கோடு விழுந்து திரையில் மழை பெய்துகொண்டிருக்கும். ரீலை ஒட்டிய இடங்களில் வசனம் தாவும். வாள் சண்டையில் எம்.ஜி.ஆர். ஓங்கிய கை இறங்குவதற்குள் நம்பியார் கீழே கிடப்பார். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. புதுப்படத்துக்கு இடையில் ‘கர்ண’னையும் ‘நாடோடி மன்ன’னையும் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருப்பார்கள், அதையும் போய்ப் பார்ப்போம்.

ஒரே படத்தை நாலாவது தடவை பார்க்கிறவனுக்குக் கதாநாயகன் மேல் கண் நிற்காது. அவர் என்ன செய்வார் என்பது தெரிந்துபோயிருக்கும். பக்கத்தில் தட்டு ஏந்தி நிற்கிறவரையும் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக உட்கார்ந்திருக்கிறவரையும் சந்தையில் கத்தரிக்காய் விலை பேசுகிறவரையும் பார்க்க ஆரம்பிப்பான். சின்ன வேடக்காரர்களை எங்கள் ஊர் தெரிந்துவைத்திருந்த அளவுக்கு மவுண்ட் ரோட்டுக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க மாட்டார்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அவர்கள் படத்தை ஒரு தடவை பார்த்தவர்கள். நாங்கள் தேயத் தேயப் பார்த்தவர்கள்.

வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி என்று ரயில் பாதையை ஒட்டி நீளும் எங்கள் ஊர்கள் அப்போது சென்னை இல்லை. அம்பத்தூர் மாநகராட்சியோடு சேர்ந்ததே 2011-இல்தான். ‘மெட்ராஸுக்குப் போய்ட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறுவோம். ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே தொழிற்சாலைகள் எழும்பிய காலம். 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. அறுபதுகளில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், அதையடுத்து அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்த 1955-க்குப் பத்து வருஷம் கழித்து, அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. சங்கு ஊதினால் ஊர் எழுந்துகொள்ளும். மறுபடி ஊதினால் சைக்கிள்கள் வாசலுக்கு வாசல் மணியடித்துக்கொண்டு திரும்பும். அந்தச் சைக்கிள்களில் பாதி சாயங்காலம் சினிமாக் கொட்டகை வாசலில் நிற்கும்.

பின்னாளில் அம்பத்தூரில் முருகன், ராக்கி, பாடியில் லட்சுமி பாலா, ஆவடியில் மீனாட்சி, பூந்தமல்லியில் பகவதி என்று பெயர்கள் வாயில் புழங்கின. என் பள்ளி நாட்களின் கொட்டகை கீற்று வேய்ந்த டூரிங் டாக்கீஸ். தரை டிக்கெட் மணல். புரொஜக்டர் ஒன்றே ஒன்று என்பதால் ரீல் மாற்ற விளக்கைப் போடுவார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் முறுக்கு, சோடா, கடலை. பக்திப்பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டதும் ஜனம் ஓட்டமும் நடையுமாக வரும். டைட்டில் ஓட ஆரம்பிப்பதற்குள் உள்ளே இருக்க வேண்டும் என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம்.

அந்தச் சட்டத்தைப் போட்டவர் அப்பாவோடு வேலை பார்த்தவர். பெயின்ட் ஷாப்பில் இருந்ததால் எங்களுக்கு அவர் ‘பெயின்ட் ஷாப் மாமா’. டைட்டிலை வாய்விட்டுப் படிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் நாலைந்து பேர் அவரைச் சுற்றி உட்காருவார்கள் என்பது ஒரு காரணம். அவருக்கே அதில் ஒரு ருசி என்பது இன்னொரு காரணம்.

அந்தக் காலத்து டைட்டிலுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கதாநாயகனுக்குத் தனி அட்டை. கதாநாயகிக்குத் தனி அட்டை. வில்லன், காமெடியன், பேர் பெற்ற அம்மா நடிகை ஆகியோர் இரண்டிரண்டாகவோ மூன்று மூன்றாகவோ வருவார்கள். அதற்குப் பிறகு வரும் அட்டையில்தான் கூட்டம். ஏ.கருணாநிதி, சாயிராம், கொட்டாப்புளி ஜெயராமன், ஏ.வீரப்பன், உசிலைமணி, கரிக்கோல் ராஜு, திருப்பதிசாமி, குண்டுமணி, புத்தூர் நடராஜன் என்று சின்ன எழுத்தில், இரண்டு பத்தியில், எட்டுப் பேராவது இருப்பார்கள். பெண்களுக்கு அதே மாதிரி இன்னோர் அட்டை. முழுசாக நாலு விநாடி நிற்காது. பிறகு ‘மற்றும் பலர்’. அந்த நாலு விநாடிக்குள் எட்டுப் பெயரையும் மூச்சு விடாமல் படித்து முடிப்பதில்தான் மாமாவின் சாமர்த்தியம். தனி அட்டைக்கு விசில் பறக்கும். எட்டுப் பேர் அட்டைக்கு அவர் குரல் மட்டும் கேட்கும்.

அவசரத்தில் விட்டுப்போன பெயர்களுக்குப் பாட்டுப் புத்தகம் இருந்தது. கொட்டகை வாசலிலேயே விற்பார்கள். மட்டமான தாள், ஒற்றை மை, அட்டையில் மங்கலாக ஒரு படம். உள்ளே முதல் பக்கத்தில் நடிகர் பட்டியல், அடுத்து கதைச் சுருக்கம், அது முக்கியமான இடத்தில் நின்று மிச்சத்தை வெள்ளித்திரையில் காணச் சொல்லும்; அப்புறம் பாடல்கள். எல்லாரும் பாட்டுக்காக வாங்கினார்கள். மாமா பட்டியலுக்காக வாங்கினார். அவர் வீட்டுத் தகர டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டு இருந்தது; பட்டியலில் ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிட்ட பெயர்களுக்கு நேரே பென்சிலில் டிக் அடித்து வைத்திருப்பார், தொழிற்சாலையில் சரக்கு வந்ததைச் சரிபார்க்கிற மாதிரி.

பெயர்களே ஒரு தனி உலகம். ஊரைச் சுமந்தவர்கள் ஒரு கூட்டம்: கொத்தமங்கலம் சுப்பு, செருகளத்தூர் சாமா, உசிலம்பட்டியைச் சுருக்கிக்கொண்ட உசிலைமணி. நடித்த படத்தையே பெயரில் ஒட்டிக்கொண்டவர்கள் இன்னொரு கூட்டம். 1956-இல் வந்த ‘குலதெய்வ’த்தால் ராஜகோபால் குலதெய்வம் ராஜகோபால் ஆனார். 1965-இல் ‘ஒரு விரல்’ வந்தது. கிருஷ்ணாராவ் சாகும்வரை ஒரு விரல் கிருஷ்ணாராவ். 1967-இல் ‘நான்’ படத்தில் எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்ளும் ஆளாக வந்த கன்னையா, அன்றிலிருந்து என்னத்தெ கன்னையா. டைப்பிஸ்ட் கோபு, காக்கா ராதாகிருஷ்ணன், பக்கோடா காதர், ஓமக்குச்சி நரசிம்மன் எல்லாரும் இப்படி வேடமோ உடம்போ கொடுத்த பட்டத்தோடு நடமாடியவர்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது விநோதமாகப் படவில்லை. ஒரே தொழிற்சாலையில் நாலு கோபால் இருந்தால் ஒருவர் கேன்டீன் கோபால், ஒருவர் லேத் கோபால், ஒருவர் நைட் ஷிப்ட் கோபால் என்றுதான் ஆக வேண்டும். ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் ஓர் ஆள் ஞாபகத்தில் நிற்க அவனுடைய பெயர் மட்டும் போதாது என்பது ஷிப்டுக்குப் போகிறவனுக்குத் தெரியும். ஸ்டுடியோவும் ஒரு தொழிற்சாலைதான் என்று மாமா சொல்வார். ‘கோடம்பாக்கத்துலயும் சங்கு ஊதும்டா, நமக்குக் கேக்காது, அவ்ளோதான்.’

திரும்பத் திரும்பப் பார்த்ததில் அந்த அட்டையைப் பற்றி இன்னொன்றும் பிடிபட்டது. அதில் இருந்த எல்லாரும் மேலே ஏறக் காத்திருந்தவர்கள் அல்ல. சிலர் மேலேயிருந்து இறங்கி வந்தவர்கள். 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பா’ளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை சிவாஜியையும் பத்மினியையும் பார்த்துவிட்டு வருவோம். இரண்டாவது தடவை நாகேஷ், மனோரமா. மூன்றாவது தடவைதான் சண்முகசுந்தரத்தின் கோஷ்டியையும் மோகனாவின் கோஷ்டியையும் தனித்தனியாக எண்ணிப் பார்ப்போம். தவில் பாலையாவுக்கு அறிமுகம் தேவையில்லை. அவரோடு கோஷ்டியில் கே.சாரங்கபாணி இருப்பார், எதிர்க் கோஷ்டியில் டி.ஆர்.ராமச்சந்திரன் இருப்பார். சாரங்கபாணி 1942-இல் ஏவிஎம்மின் ‘என் மனைவி’க்குக் கதாநாயகன். ராமச்சந்திரன் 1941-இல் ‘சபாபதி’யாக வந்து தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தவர். கால் நூற்றாண்டு கழித்து இரண்டு பேரும் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். முகத்தில் அதற்கான வருத்தம் துளியும் இல்லை. யாரோ பேசும்போது தலையாட்டுவதைக்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்வார்கள்.

ஏறியவர்களின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யின் கதாநாயகன் எம்.கே.ராதா. அதே படத்தில் என்.எஸ்.கிருஷ்ணன், டி.எஸ்.பாலையா, கே.ஏ.தங்கவேலு, எம்.ஜி.ஆர். என்று நாலு பேர் முதன்முதலாகத் தலை காட்டினார்கள். எம்.ஜி.ஆருக்கு இன்ஸ்பெக்டர் வேடம். கதாநாயகனாக ‘ராஜகுமாரி’ வர அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஆனது. எங்கள் பக்கத்து ரசிகர் மன்றத்துக்காரர்கள் இதை வேதம் மாதிரிச் சொல்வார்கள். புரமோஷனுக்குக் காத்திருக்கிற ஹெல்பருக்கு அந்தப் பதினோரு வருஷம் பெரிய ஆறுதல்.

ஏறுவதையே கதையாக வைத்து ஒரு படமும் உண்டு. 1964-இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’. பாலசந்தர் எழுதி, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கியது. ஓட்டல் சர்வர் நடிகனாகிற கதை. ரயில்வே வேலையை விட்டுவிட்டு வந்து சின்னச் சின்ன வேடங்களில் அலைந்த நாகேஷ் கதாநாயகன். அந்தச் சுந்தரத்துக்கு அம்மாவாக வருகிறவர் எஸ்.என்.லட்சுமி. என்.எஸ்.கே. நாடகக் குழுவில் தொடங்கி, ‘பாக்தாத் திருட’னில் டூப் போடாமல் சிறுத்தையோடு மோதியவர். அதன்பிறகு வாழ்நாள் முழுக்க யாராவது ஒருவருக்கு அம்மா, பாட்டி. பெண்கள் அட்டையில் அவர் பெயர் வராத வருஷமே இல்லை என்று தோன்றும். ‘சர்வர் சுந்தர’த்திலேயே டிரைவராக ஓர் இளைஞர் வந்து போவார். கண் இமைத்தால் தவறவிடுவீர்கள். அவருக்குப் பெயர் அட்டையில்கூட இடமில்லை. பதிமூன்று வருஷம் கழித்து ‘16 வயதினிலே’ வந்ததும் எல்லாரும் அவரைக் கவுண்டமணி என்று தெரிந்துகொண்டார்கள்.

கொட்டகையில் பார்த்த இந்தக் கூட்டத்தில் ஒருவரை நேரில் பார்க்கிற யோகமும் வாய்த்தது. தொழிற்சாலைகளில் மனமகிழ் மன்றம் உண்டு. ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுவார்கள். சீன் செட்டிங், வேஷ உடுப்பு, மேக்கப்மேன் எல்லாம் மெட்ராஸிலிருந்து வாடகைக்கு வரும். கதாநாயகி வேடத்துக்கு நாடக நடிகையை அழைத்து வருவார்கள், தொழிலாளர் வீட்டுப் பெண்கள் மேடை ஏறாத காலம். ஒரு வருஷம் மன்றத்தில் கொஞ்சம் காசு சேர்ந்திருந்தது. நோட்டீஸில் ‘சினிமா புகழ்’ என்ற அடைமொழியோடு ஒருவர் பெயரைப் போட்டார்கள். படங்களில் ஜமீன்தாரின் கணக்குப்பிள்ளையாகவும் கல்யாண வீட்டில் சம்பந்தியின் அண்ணனாகவும் வருகிறவர். அவர் குடும்பம் இருக்கிறது, பெயர் வேண்டாம்.

மத்தியானமே ரயிலில் வந்து இறங்கினார். கையில் ஒரு ரெக்சின் பை. அதில் சொந்த விக், சொந்த மீசை, ஸ்பிரிட் கம் சீசா, சலவை செய்த ஒரு ஜிப்பா. நியூஸ் பேப்பரில் சுற்றிய புகைப்பட ஆல்பம். கேன்டீனில் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டார். அப்பாவின் நண்பர்கள் எம்.ஜி.ஆர். பற்றிக் கேட்டார்கள், சிவாஜி பற்றிக் கேட்டார்கள். சளைக்காமல் பதில் சொன்னார். மாமா மட்டும் அவரைப் பற்றி அவரிடமே கேட்டார். இன்ன படத்தில், இன்ன காட்சியில், படிக்கட்டில் இறங்கும்போது நீங்கள் ஒரு கணம் நின்று வேட்டியைத் தூக்கிப் பிடித்தீர்களே, அது டைரக்டர் சொன்னதா, நீங்களாகச் செய்ததா?

மனிதர் கையில் இருந்த கவளத்தை அப்படியே இலையில் வைத்துவிட்டார். ‘அத எவனும் கவனிச்சதே இல்ல சார்,’ என்றார். பிறகு விளக்க ஆரம்பித்தார். கூட்டக் காட்சியில் நிற்கும்போது கதாநாயகன் தோளுக்கும் விளக்குக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவரை மறைத்தால் திட்டு விழும். அவர் நம்மை மறைத்தால் நாம் அங்கே போனதற்கு அடையாளமே இருக்காது. வசனம் இல்லை என்றால் கைக்கு ஒரு வேலை வேண்டும். துண்டு, வெற்றிலைப் பெட்டி, குடை என்று ஏதாவது. கை சும்மா இருந்தால் எடிட்டர் வெட்டுவார். பெஞ்சை நகர்த்தச் சொல்லி, எங்களை நிற்க வைத்து, இரண்டு தப்படி நகர்ந்தும் காட்டினார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அன்று சாயங்காலம் நாடகத்தில் அவர் பேசிய நீள வசனங்களில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. கேன்டீனில் வைத்த அந்த இரண்டு தப்படி ஞாபகம் இருக்கிறது. நாடகம் முடிந்ததும் மாலையைக் கழற்றி மாமா கையில் கொடுத்துவிட்டு, சென்ட்ரலுக்குக் கடைசி வண்டியைப் பிடிக்க ஓடினார். மறுநாள் காலையில் ஷூட்டிங்காம்.

முகத்தையே காட்டாமல் உழைத்தவர்கள் இன்னொரு வகை. எம்.ஜி.ஆர். இரட்டை வேடம் போட்ட படங்களில் ஒரு எம்.ஜி.ஆர். நம்மைப் பார்த்துப் பேசும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவர் யார் என்று பூந்தமல்லியிலிருந்து வரும் ஒரு சைக்கிள் கடைக்காரர் கேட்டார். மாமாவிடம் பதில் இருந்தது: மெய்க்காப்பாளராகவும் இருந்த கே.பி.ராமகிருஷ்ணன். அதிலிருந்து அந்தச் சைக்கிள் கடைக்காரர் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யை முதுகுக்காகவே பார்க்கப் போனார். முதுகு வந்ததும் கை தட்டுவாராம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாதாம்.

1989-இல் ‘கரகாட்டக்கார’ன் வந்து, ஒரு வாழைப்பழத்துக்காக ஊரே விழுந்து விழுந்து சிரித்தபோது மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ.வீரப்பன். அறுபதுகளில் எட்டுப் பேர் அட்டையில் ஒருவராக வந்தவர் அல்லவா? கவுண்டமணி, செந்தில் என்று சொல்லிச் சிரிக்கும் பையன்களை நிறுத்தி வைத்து, ‘எழுதினவன் யார்னு தெரியுமா?’ என்று கேட்பார். 2007-இல் ‘தொட்டால் பூ மலரும்’ படத்தில் வடிவேலுவோடு காரில் ஏறி, ஒரே பதிலை மாற்றி மாற்றிச் சொல்லி என்னத்தெ கன்னையா மறுபடி ஊர் முழுக்கப் பிரபலமானார். அம்பத்தூர் ஓ.டி.க்கும் ஆவடிக்கும் நடுவே ஓடுகிற ஷேர் ஆட்டோ டிரைவர்கள் எல்லார் வாயிலும் அதே பதில்தான். ரிட்டயராகிப் பல வருஷமாகியிருந்த மாமா ஒரு டிரைவரிடம் ‘நான்’ படத்தில் ஆரம்பித்து நாற்பது வருஷக் கதையைச் சொல்லப்போக, ‘பெருசு, மொதல்ல சில்லறையக் குடு’ என்று கேட்டு வாங்கிக்கொண்டார்களாம். மாமாவே சொல்லிச் சிரித்தார்.

பாட்டுப் புத்தகங்களில் மாமா பென்சிலால் செய்ததைத் தமிழ் சினிமா முழுவதற்கும் செய்தவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 1958-இல் ‘நாடோடி மன்ன’னுக்கு மக்கள் தொடர்பாளராக இருந்தவர். படம் படமாக, பெயர் பெயராகச் சேகரித்து வைத்தார், 2016-இல் மறைந்தார். அவர் சேர்த்து வைக்காமல் போயிருந்தால் இன்றைக்கு ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் பாதிப் படங்களின் கதாநாயகன் பெயரே கிடைத்திருக்காது. எட்டாவது ஆள் எங்கே கிடைப்பார்?

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு புகார் உண்டு. தூர்தர்ஷன் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு டைட்டில் முழுசாக ஓடும், காலனியில் டி.வி. இருந்த வீட்டுக் கூடத்தில் மாமா வந்து உட்கார்ந்து படிப்பார். சேனல்கள் பெருகிய பிறகு படம் நேராக முதல் காட்சியில் ஆரம்பிக்கிறது, அல்லது டைட்டிலின் மேல் புடவைக் கடை விளம்பரம் ஊர்ந்துபோகிறது. அதற்கு மாறாக, 2012-இல் ‘கர்ண’னைப் புதுப்பித்து வெளியிட்டபோது பெயர்களை மெனக்கெட்டுத் துடைத்துப் பளிச்சென்று காட்டினார்கள். மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லை என்றார். நான்தான் படித்துச் சொன்னேன். கடைசி அட்டைக்கு எனக்கு மூச்சு வாங்கியது.

கதாநாயகர்களுக்குச் சிலை இருக்கிறது, சாலை இருக்கிறது, தபால்தலை இருக்கிறது. எட்டுப் பேர் அட்டையில் கடைசியாக நின்றவருக்கு, அவர் இந்தத் தொழிலில் இருந்தார் என்பதற்கு அந்த நாலு விநாடிதான் பதிவேடு. வேலைக்கு வந்ததற்கு அத்தாட்சியாகத் தொழிற்சாலை வாசலில் அட்டை பஞ்ச் செய்கிறோமே, அந்த மாதிரி. ஓர் ஆள் வேலைக்கு வந்த நாளை வராத நாள் என்று எழுதினால் எங்கள் ஊரில் யூனியன் சும்மா விடாது.